22.2 மில்லிலிட்டர்

உதகை மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பணிக்குச் சேர்ந்த புதிதில், கரைசலின் செறிவு என்பது தராசில் நிறுத்தவுடன் முடிந்துவிடும் கணக்கு என்றே நம்பியிருந்தேன். பொட்டாசியம் டைகுரோமேட்டின் மூலக்கூறு எடை 294.2, அதிலுள்ள இரண்டு குரோமியம் அணுக்களும் சேர்ந்து 6 எலக்ட்ரான்களை ஏற்பதால், 6 ஆல் வகுத்துச் சமான எடை 49.03 என்கிறோம். உலர்த்திய உப்பில் அத்தனை கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் அதன் செறிவு 1 நார்மல். டைகுரோமேட் தூய்மையாகக் கிடைப்பது, காற்றில் மாறாதது. அதன்மீது வைத்த நம்பிக்கையில் பிழையில்லை. டைகுரோமேட்டோடு வினைபுரியும் இரும்பு உப்பான ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டையும் அப்படியே நம்பியதுதான் என் தவறு.

கரிமக் கார்பனை அளக்க 1934இல் வாக்லியும் பிளாக்கும் வெளியிட்ட முறையையே பின்பற்றினோம். மண்ணோடு 10 மி.லி. 1 நார்மல் டைகுரோமேட்டும் 20 மி.லி. அடர் கந்தக அமிலமும் சேர்த்து அரை மணி நேரம் வைத்து, எஞ்சிய டைகுரோமேட்டை 0.5 நார்மல் ஃபெரஸ் கரைசலால் தரம்பார்க்க வேண்டும்; அதாவது, பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து சொட்டுச்சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும்வரை எத்தனை மி.லி. செலவாகிறது என்று பார்க்க வேண்டும். அமிலம் கலப்பதால் எழும் சூடே வினையை நடத்துகிறது. டிசம்பர் காலைகளில் குளிர்ந்த கல்மேடை அதை உறிஞ்சிவிடாதிருக்கக் குடுவைக்கடியில் தடித்த அட்டை வைப்போம். மலை மண்ணில் கரிமம் மிகுதி. ஒரு கிராம் எடுத்தால் ஆரஞ்சு நிறம் முழுவதும் பச்சையாகி, தரம்பார்க்க எதுவும் எஞ்சாது என்பதால் கால் கிராம்தான் எடுப்போம். பியூரெட்டில் நேரும் பிழை விடையில் நான்கு மடங்காகத் தெரியும்.

கேத்தியில் கேரட் பயிரிடும் பெரியவர் ஒருவர் அறிக்கையோடு வந்து நின்றார். கரிமக் கார்பன் முந்தைய ஆண்டு 4.6 சதவீதம், இம்முறை 4.0. "போன வருஷத்தைவிட தொழு எரு கூடுதலாத்தானே போட்டேன் சார், அப்புறம் எப்படிக் குறையும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று பட்டதால், மண்ணில்லாத வெற்றுக் குடுவை ஒன்றைத் தரம்பார்த்தேன். 10 மி.லி. 1 நார்மலுக்கு 0.5 நார்மல் 20 மி.லி.யில் முடிய வேண்டியது. நிறங்காட்டியின் ஊதா மறைந்து பச்சை தோன்றியபோது பியூரெட் 22.2 காட்டியது. 10ஐ 22.2 ஆல் வகுத்தால் ஃபெரஸ் கரைசலின் உண்மையான செறிவு 0.45. ஒரு மாதத்துக்கு மேலாகப் புட்டியிலிருந்த கரைசலில் ஃபெரஸின் ஒரு பகுதி காற்றுப்பட்டு, டைகுரோமேட்டோடு வினைபுரியாத ஃபெரிக் ஆகிவிட்டிருந்தது. நானோ ஒட்டுத்தாளில் இருந்த 0.5ஐயே கணக்கில் போட்டு வந்திருக்கிறேன். அவருடைய மண்ணுக்குச் செலவான 13.3 மி.லி.யை 0.45 என்ற செறிவில் வைத்து மீண்டும் கணக்கிட்டபோது, இம்முறையில் வினைபுரியாமல் விடுபடும் கரிமத்துக்கான திருத்தக் காரணி 1.3ஐச் சேர்க்கும் முன்பே, 4.0க்குப் பதில் 4.8 வந்தது.

அவருக்கு அன்றே புதிய அறிக்கை எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களுடையதை அப்படித் திருத்த முடியவில்லை. கரைசல் எந்த நாளில் எந்தச் செறிவில் இருந்தது என்பதற்குப் பதிவே இல்லாததால், எடுத்துவைத்திருந்த அந்த மாதத்து மாதிரிகள் அனைத்தையும், தினமும் காலையில் வெற்றுக் குடுவையின் அளவைத் தேதியோடு குறித்துக்கொண்டு, முதலிலிருந்து மீண்டும் ஆய்வு செய்தேன்.