கிலாவேயா பார்க்கப் போகிறவர்கள் எங்கே தங்குவது?

ஹவாயின் பெரிய தீவுக்கு டிக்கெட் போடும் பலர் மேற்குக் கரையில் கோனாவில் அறை எடுத்துவிடுகிறார்கள். வெயிலும் நீந்துவதற்கேற்ற கடலும் அங்கேதான். ஆனால் கிலாவேயா எரிமலை அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல். போக மட்டும் இரண்டரை மணி நேரம் ஆகும். எரிமலைக்காகப் போகிறவர்கள் கிழக்குக் கரையிலுள்ள ஹிலோவில் இறங்குங்கள். அங்கிருந்து எரிமலை இருக்கும் தேசியப் பூங்கா முக்கால் மணி நேரம்தான். பூங்காவை ஒட்டிய வால்கேனோ கிராமத்தில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள்.

காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 23 அன்று மலையுச்சியிலுள்ள ஹலேமாவுமாவு பள்ளத்தில் தொடங்கிய வெடிப்பு, விட்டு விட்டுப் பொங்கும் ரகம். சில முறை நெருப்பு ஊற்று 300 மீட்டருக்கு மேல் எழுந்தது. ஆனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்; அடுத்தது சில நாளிலும் வரலாம், சில வாரமும் ஆகலாம். அடியில் மக்மா நிரம்ப நிரம்ப மலையுச்சி மெல்ல உப்பும். பொங்கத் தொடங்கியதும் அமுங்கும். இதைச் சாய்வுமானிகள் அளக்கின்றன. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அந்த அளவுகளையும் நேரலைக் கேமராக் காட்சியையும் இணையத்தில் தருகிறது. படுக்கும் முன் ஒருமுறை, விடிகாலை 4 மணிக்கு ஒருமுறை பாருங்கள். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும். இருட்டில்தான் செம்மை முழுதாகத் தெரியும், கூட்டமும் இருக்காது. பக்கத்தில் தங்கியிருந்தால்தான் இது நடக்கும்.

பள்ளத்தின் விளிம்பு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெப்பமண்டலத் தீவுதானே என்று அரைக்கை சட்டையோடு போனால் நடுங்க வேண்டியதுதான். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, ஆளுக்கொரு டார்ச் கட்டாயம். காற்று உங்கள் பக்கம் திரும்பினால் கந்தக டை ஆக்சைடு தொண்டையைக் கரகரக்க வைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உடனே இடம் மாறிவிடுங்கள்.

ஊற்று அடங்கிக் கிடந்தாலும் கவலை வேண்டாம், கிலாவேயா இக்கி என்ற பக்கத்துப் பள்ளத்தின் நடைபாதை ஒன்றுக்காகவே போகலாம். சுற்று 5.3 கிலோமீட்டர், இறக்கம் 120 மீட்டர், இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். 1959-இல் இங்கே ஊற்று 580 மீட்டர் எழுந்தது. அன்று தேங்கிய குழம்பு இறுகிய தரையில்தான் நடக்கிறீர்கள். தரையின் விரிசல்களில் ஓஹியா மரக்கன்றுகள் சிவப்புப் பூவோடு நிற்கும். சில பிளவுகளில் ஆவி வரும்: மழைநீர் அடியிலுள்ள சூட்டுப் பாறையைத் தொட்டுத் திரும்புகிறது. கார் நிறுத்தக் காலை 10 மணிக்குள் போய்விடுங்கள்.

கடல்வரை இறங்கும் 30 கிலோமீட்டர் பள்ளத்தொடர்ச் சாலையில் (Chain of Craters Road) பெட்ரோலும் கிடைக்காது, குடிநீரும் கிடைக்காது. டேங்கை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள்.

பொங்கிய மறுநாள் கார்க் கண்ணாடியில் பொன்னிற நூல்கள் ஒட்டியிருக்கும். எரிமலைத் தெய்வம் பெலேயின் கூந்தல் என்பார்கள். உண்மையில் அது காற்று இழுத்து நீட்டிய கண்ணாடி இழை. தோலில் குத்தும், கண்ணில் பட்டால் ஆபத்து. வைப்பரை ஓட்டினால் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். கையால் தட்டாமல், முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.