டி.சி. வேண்டும் சார்

எங்களைப் போன்ற சிறிய கல்லூரிகளில் மாணவர் ஆலோசகர் என்று தனியாக ஒரு பதவி கிடையாது. பாடம் நடத்துகிறவர்தான் ட்யூட்டர். ஜூன் மாதம் துறைத்தலைவர் ஒரு பட்டியலைக் கையில் கொடுப்பார். அதில் 25, 30 பெயர்கள் இருக்கும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகளின் வருகைப்பதிவு, அரியர், உதவித்தொகை, காய்ச்சல், காதல், அப்பாவின் குடி எல்லாம் நம் கணக்கில் சேர்ந்துவிடும். இதற்கென்று பயிற்சியும் கிடையாது. பொருளியல் படித்துவிட்டுப் பொருளியல் நடத்த வந்தவன் நான். மற்றதெல்லாம் வேலையில் கற்றுக்கொண்டது.

புதிதாக வருகிற ஆசிரியர்கள் ட்யூட்டர் வேலை என்றால் அறிவுரை சொல்வது என்று நினைக்கிறார்கள். பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். அது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். காவிரி டெல்டாவில் கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்குத் தெரியாதது வேறு. எந்தத் தேதிக்குள் எதைக் கட்ட வேண்டும், எந்தத் தாளில் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எது போனால் திரும்பக் கிடைக்கும், எது போனால் போனதுதான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. என் அனுபவத்தில் படிப்பு வராமல் கல்லூரியை விட்டுப் போனவர்கள் குறைவு. ஏதோ ஒரு தேதியைத் தவறவிட்டு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, அப்படியே நின்றுபோனவர்கள்தான் அதிகம்.

வருகைப்பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றால் 75 விழுக்காட்டுக்கு 68 நாட்கள் வர வேண்டும். அதற்குக் குறைந்து 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் கண்டோனேஷன் (வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் அனுமதி) கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு எழுத முடியாது. 50-க்கும் கீழே என்றால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கு ஏறக்குறைய இதுதான். முதலாண்டு முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறோம். யாருக்கும் காதில் ஏறாது.

எங்கள் பையன்களில் பாதிப் பேர் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். முந்தின நாள் சாயங்காலம் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இரவு சாப்பாடு, காலை டிபன், மதியப் பந்தி என்று முடித்து ஊர் திரும்ப மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும். கையில் 500, 600 கிடைக்கும். அதனால் எங்கள் வருகைப்பதிவேட்டைப் படிக்க வேண்டுமென்றால் பக்கத்தில் தினசரி நாட்காட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் வகுப்பு நிறைந்திருக்கும். ஆவணி பிறந்தால் கடைசி இரண்டு பெஞ்சு காலி. டிபனோடு கழன்றுகொண்டு வந்த ஒன்றிரண்டு பேர் முதல் பீரியடில் தூங்குவார்கள்.

"ராத்திரி எங்கடா?"

"மண்டபம் சார்."

"என்ன வேலை?"

"இலைக்கு சார். முகூர்த்தம் வரைக்கும் இருந்தேன், அப்படியே பஸ் ஏறிட்டேன்."

இவனிடம் வேலைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பணத்தில்தான் தேர்வுக் கட்டணம் கட்டுகிறான். அதனால் நான் சொல்வது வேறு. வராமல் இருக்க உன்னிடம் 22 நாள் இருக்கிறது, அதை எதற்குச் செலவழிக்கப் போகிறாய் என்று கேட்பேன். ஜூலையில் கிரிக்கெட்டுக்கும் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் எட்டு நாளைக் கரைத்துவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்கு மிச்சம் இருக்காது. உள்தேர்வு நாளில் மண்டபத்தை ஒத்துக்கொள்ளாதே. காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனைச் சீட்டைத் தூக்கிப் போடாதே, கண்டோனேஷன் மனுவோடு வைக்க உதவும். இப்படிப் பேசினால் பையன்கள் கேட்கிறார்கள். சிலர் செல்போனில் முகூர்த்த நாட்களைக் குறித்துக்கொண்டு வந்து கணக்குக் காட்டுகிறார்கள். ஒழுக்கத்தைக் கெடுக்கிறேன் என்று ஒரு மூத்த சக ஆசிரியருக்கு என்மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

மதிப்பெண் விஷயம் இவ்வளவு சிக்கல் இல்லை. உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. மொத்தம் 40 வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு, 75-க்கு 30 தனியாக எடுக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் அரியர் வைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். உள்மதிப்பீட்டில் 20 வாங்கிய தைரியம்தான். பிளஸ் டூவில் கணக்கே எடுக்காமல் பி.சி.ஏ. சேர்ந்து கணிதத் தாளில் மாட்டிக்கொள்பவர்களுக்குச் சேர்க்கை அன்றே சொல்லியிருக்க வேண்டும். அன்று யாருக்கும் நேரமில்லை. அரியர் வைத்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: படித்தாயோ இல்லையோ, கட்டணத்தைத் தேதிக்குள் கட்டிவிடு. 2020 ஆகஸ்டில் கொரோனாவை ஒட்டி அரியர் எல்லாம் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது, அது தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தவர்களுக்குத்தான் என்றார்கள். பிறகு அது உயர் நீதிமன்றப் படியேறியது தனிக் கதை. ஆனால் கட்டாமல் விட்டவர்கள் அன்று துறை வாசலில் நின்ற நிலையைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பணம் வராத கதைகளுக்கு முடிவே இல்லை. உதவித்தொகை எனக்கு மட்டும் வரவில்லை என்று ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். விண்ணப்பம் சரி, சாதிச் சான்று சரி, வருமானச் சான்று சரி. எல்லாம் சரி என்றால் நான் கேட்கிற கேள்வி, "பள்ளிக்கூடத்தில் ஏதாவது வங்கிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்களா?" என்பது. ஆதார் வழியாக வருகிற பணம், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அதில் போய் விழும். நாம் படிவத்தில் எந்த எண்ணை எழுதிக் கொடுத்தோம் என்பதைப் பார்க்காது. கல்லூரிக் கணக்குக்கு ஆதார் நகல் கொடுத்ததையே இணைத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். மறுநாள் பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்து வங்கியில் பதிந்துகொண்டு வந்தாள். இரண்டு ஆண்டுப் பணமும் அதில்தான் இருந்தது.

இனி, தலைப்புக்கு வருகிறேன். பிள்ளைகள் தங்கள் பிரச்சினையைப் பிரச்சினையாகச் சொல்ல மாட்டார்கள். "டி.சி. வேண்டும் சார்" என்று வந்து நிற்பார்கள். ஏன் என்றால் "வீட்ல சொன்னாங்க" என்பார்கள். பஸ் நேரம் மாறியிருக்கும், விடுதிக் கட்டணம் பாக்கி இருக்கும், வகுப்பில் யாரோ கேலி செய்திருப்பார்கள், கண்டோனேஷன் பட்டியலில் பெயர் வந்திருக்கும். இதில் டி.சி. வாங்கித் தீருகிற பிரச்சினை ஒன்றுகூட இல்லை. வாங்கிவிட்டால் மட்டும் பதிவேட்டிலிருந்து பெயர் அடிபட்டுப் போகும். பருவம் விட்டுப்போனவர்கள் அடுத்த ஆண்டு மாணவர்களோடு அதே பருவத்தில் மறுசேர்க்கை வாங்கித் தொடர வழி இருக்கிறது. டி.சி.யோடு போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பா வந்திருந்தார். பெண் அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொண்ணுக்கு நல்ல வரன் வந்திருக்குங்க சார். டி.சி. போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"சந்தோஷம்ங்க ஐயா. உக்காருங்க. கல்யாணத்துக்கு டி.சி. எதுக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். படிப்பை நிறுத்தினால் டி.சி. வாங்க வேண்டும் அல்லவா, அதுதான் முறை என்று நினைத்திருக்கிறார். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்தபோது அப்படித்தானே வாங்கினார். நான் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எழுந்து போய்விடுவார். பெண் மேஜர், மாப்பிள்ளை பக்கத்து ஊர். வருகை இதுவரை 80 விழுக்காடு, பருவம் முடிய ஐந்து வாரம், கல்யாணம் தையில். அதுவரை வரட்டும், தேர்வை எழுதட்டும், பெயர் இங்கேயே இருக்கட்டும் என்றேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்குகிறாள். பெயரை எடுத்தால் அதுவும் நின்றுபோகும் என்பதையும் சொன்னேன். அது அவருக்கு உறைத்தது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து இப்படிப்பட்ட பேச்சில் நம் கைக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்த பிறகு பையன்களுக்கும்.

அந்தப் பெண் தையில் கல்யாணம் முடிந்து, மூன்றாம் பருவம் போய் நான்காம் பருவத்துக்கும் வந்தாள். ஐந்தாம் பருவத்தில் பேறுகாலம். இப்போது மறுசேர்க்கைக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கணவர்தான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்.

இன்னொரு கேள்வி, படித்த பெற்றோரும் தடுமாறுவது: தமிழ் வழியா, ஆங்கில வழியா? எங்கள் பகுதியில் பாதிக் கனவு டி.என்.பி.எஸ்.சி.தான். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தருகிற சட்டம் 2010-இல் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020 திருத்தம் இறுக்கியது. பன்னிரண்டு வரை தமிழ் வழியில் வந்துவிட்டு, கௌரவத்துக்காக பி.ஏ. வரலாற்றை ஆங்கில வழியில் எடுத்தால் குரூப் 2-இல் அந்த முன்னுரிமை போய்விடும். குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்புதான். அதற்குக் கல்லூரி எந்த வழி என்பது பொருட்டில்லை. இந்த இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கை மேஜையில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். தனியார் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஆங்கில வழியை எடுக்கட்டும், அதில் தவறில்லை. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் எழுதி வைக்க மென்டார் நோட்டு என்று ஒன்று உண்டு. கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கிற நாக் (NAAC) மதிப்பீட்டின் ஏழு அளவுகோல்களில் ஐந்தாவது மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். குழு வருகிற வாரம் எல்லோரும் உட்கார்ந்து 'மாணவருடன் கலந்துரையாடப்பட்டது, முன்னேற்றம் காணப்படுகிறது' என்று நிரப்புவோம். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, மூன்று ஆண்டு. இலைக்குப் போன பையனும் பழைய பாஸ்புக்கும் அந்த நோட்டில் இருக்க மாட்டார்கள். இருக்கவும் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு பெண்ணின் வீட்டு விவகாரம் குழுவின் மேஜையில் கிடக்க வேண்டியதில்லை. எனக்கென்று தனியாக ஒரு டைரி வைத்திருக்கிறேன். அதில் தேதிகள் மட்டும்தான்.

விதி தெரிந்தால் தீராத விஷயங்களும் உண்டு. தூக்கமே வருவதில்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்று சொல்கிற பிள்ளையிடம் தேதிப் பட்டியலை நீட்ட முடியாது. நமக்கு அந்தப் பயிற்சி இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய, தொலைபேசி வழி மனநல ஆலோசனை தருகிற டெலி மானஸின் 14416 எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பேச மாட்டார்கள். அறையில் உட்கார வைத்து, அங்கிருந்தே அழைக்கச் சொல்லிவிட்டு நான் வெளியே நிற்பேன். தமிழிலேயே பேசுகிறார்கள். மாணவிகள் என்றால் சக பேராசிரியை ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்வேன். அப்புறம் மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவு. கூட ஒருவர் போனால்தான் போவார்கள்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். டி.சி. மனுவில் ட்யூட்டர் கையெழுத்து இல்லாவிட்டால் எழுத்தர் வாங்குவதில்லை. அவருக்கு இதில் எரிச்சல்தான், ஆனாலும் அனுப்பிவிடுகிறார். இதிலும் பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள்: டி.சி.கூடக் கேட்காமல், ஒரு திங்கட்கிழமையிலிருந்து வராமலே போகிறவர்கள். படிவத்தில் இருக்கிற செல் எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். ஆனால் அதே பேருந்தில் வருகிற யாருக்காவது காரணம் தெரிந்திருக்கும். அதனால் இந்த ஆண்டுச் சேர்க்கைப் படிவத்தில் 'எந்தப் பேருந்து, கூட வருபவர் யார்' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்.