இந்தத் தழும்பு யார் போட்டது?

கல்லீரல் பயாப்சி இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. ஹெபடைடிஸ் பி இருக்கிறவரை சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பி ஃபைப்ரோஸ்கேனில் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்துவிடுகிறார்கள், ஊசி குத்தவே வேண்டியதில்லை. நல்ல விஷயம்தான். அதனால் தர்மபுரியில் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கிற எனக்கு வந்து சேரும் ஈரல் துணுக்குகள் பெரும்பாலும் கணக்கு இடிக்கிற கேஸ்களாகவே இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை ஒன்று சொல்லும், ஸ்கேன் வேறொன்று சொல்லும், டாக்டருக்கு எதை நம்புவதென்று தெரியாது, அப்புறம்தான் ஃபார்மலின் பாட்டிலில் நூல் மாதிரி இரண்டு சென்டிமீட்டர் சதை வந்து சேரும். முழு ஈரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அது. கூட வரும் படிவத்தில் ‘ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், சிரோசிஸா?’ என்று ஒரு வரி. சில நேரம் வயது கூட இருக்காது.

கேட்பது ஒரு எண். மெட்டாவிர் முறையில் எஃப் 0 முதல் எஃப் 4 வரை, இஷாக் முறையில் 0 முதல் 6 வரை. அந்த எண்ணை நானும் கொடுக்கிறேன், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது ஈரலில் தழும்பு எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், அந்தத் தழும்பைப் போட்டது யார் என்று சொல்லாது. பல வருஷமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

வைரஸ் ஈரலைக் கெடுக்கிற விதம் பழகிய கண்ணுக்குத் தெரியும். ஹெபடைடிஸ் பி என்றால் சில ஈரல் செல்களின் உள்பக்கம் முழுக்க ஒரே சீராக மங்கிப்போய் இருக்கும், கிரவுண்ட் கிளாஸ் செல் என்போம், ஆர்சீன் என்ற ஸ்டெயின் (சாயம்) போட்டால் அவை பழுப்பாக எடுப்பாகத் தெரியும். ஹெபடைடிஸ் சி என்றால் போர்ட்டல் பகுதிகளில், அதாவது ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் ஈரலுக்குள் சேர்ந்து வரும் இடங்களில், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் உருண்டை உருண்டையாகக் கூடியிருக்கும், செல்களில் கொழுப்பும் கொஞ்சம் இருக்கலாம். இரண்டிலும் போர்ட்டல் பகுதியின் எல்லையில்தான் சண்டை. லிம்போசைட்டுகள் அங்கிருந்து பக்கத்து ஈரல் செல்களுக்குள் புகுந்து அரிக்கும், அரித்த இடத்தில் தழும்பு விழும், ஒரு தழும்பு இன்னொன்றோடு பாலம் போட்டு இணையும், கடைசியில் ஈரலின் அமைப்பே குலைந்து முடிச்சு முடிச்சாக ஆகிவிடும். அதுதான் சிரோசிஸ்.

இப்படிப் பார்த்துப் பழகிய எனக்கு ஒருநாள் பாலக்கோடு பக்கத்துக்காரர் ஒருவரின் ஸ்லைடு வந்தது. நாற்பதைத் தாண்டியவர். ஹெபடைடிஸ் பி உண்டு, மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது, பிளேட்லெட் குறைவு, ஸ்கேனில் ஈரல் சொரசொரப்பு. இதுவரை பார்த்தால் யாரும் சிரோசிஸ் என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஈரல் வேலை செய்கிறதா என்று காட்டும் அல்புமின் நன்றாக இருக்கிறது, பிலிருபின் சரி, ரத்தத்தில் வைரஸ் அளவும் கம்மி. மேசன் ட்ரைக்ரோம் ஸ்டெயின் போட்டதும் நீல நிறத்தில் தழும்பு கொட்டிக் கிடந்தது, எல்லாம் போர்ட்டல் பகுதிகளிலேயே. அவை அகன்று தடித்திருந்தன, நடுவில் இருக்க வேண்டிய சிரை சில இடங்களில் காணவே காணோம். ஆனால் அதைத் தாண்டி ஈரல் செல்கள் வரிசை கலையாமல் இருந்தன. முடிச்சு ஒன்றுகூட இல்லை. கிரவுண்ட் கிளாஸ் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன, எல்லையில் அரிப்பு மிகக் கொஞ்சம். இவ்வளவு கொஞ்சமான சண்டை இவ்வளவு தழும்பைப் போட்டிருக்காது.

ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு கிரானுலோமா, ஏதோ ஒன்றைச் சுற்றி உடம்பின் பாதுகாப்பு செல்கள் கட்டிய முடிச்சு. நம்ம ஊரில் கிரானுலோமா என்றாலே முதலில் டிபி நினைப்புதான் வரும், வர வேண்டும். ஆனால் சுற்றிலும் புழு இருந்தால் கூடுகிற இயோசினோஃபில் செல்கள் நிறைய இருந்தன, அது எனக்கு உறுத்தியது. எங்கள் டெக்னீஷியன் அண்ணாவிடம் சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கில் இன்னும் உள்ளே போய் வெட்டச் சொன்னேன். “மேடம், இதுக்கு மேல வெட்டினா சதையே மிஞ்சாது” என்றார். இருக்கிற வரை வெட்டுங்கண்ணா, ஒன்றை மட்டும் சீல்-நீல்சன் ஸ்டெயினுக்கு வையுங்கள் என்றேன். டிபி கிருமியைத் தேடத்தான் அதைக் கேட்டேன். கிருமி இல்லை. கிரானுலோமாவின் நடுவில் சிவப்பாக, நசுங்கிய ஒரு முட்டை ஓடு இருந்தது. சிஸ்டோசோமா மான்சோனி என்ற ரத்தப் புழுவின் முட்டை ஓடு இந்த ஸ்டெயினைப் பிடிக்கும். அதன் இன்னொரு வகையான ஹெமடோபியத்தின் ஓடு பிடிக்காது.

இது நம் மண்ணின் வியாதி இல்லை. இந்தியாவில் 1950-களில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற கிராமத்தில் இதன் ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள், பாடப் புத்தகத்தில் அந்த ஊர்ப் பெயரோடு படித்ததோடு சரி. இவர் எங்கே போய் வாங்கிவந்தார்? டாக்டருக்குப் போன் செய்து, நோயாளியையே வரவழைத்துப் பேசினேன். போர்வெல் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்கா வரை போவது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. இவர் தான்சானியாவில், விக்டோரியா ஏரிப் பக்கம் பல வருஷம் இருந்திருக்கிறார். “ஏரியிலதாங்க மேடம் குளியல், துணி துவைக்கறது எல்லாம். வேற தண்ணிக்கு எங்க போறது?” என்றார். அந்த ஏரி நத்தைகளிலிருந்து வரும் லார்வா தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வளர்ந்த புழுக்கள் குடலின் சிரைகளில் தங்கி முட்டையிடும், முட்டைகளில் ஒரு பங்கை ரத்தம் ஈரலுக்கு அடித்துக்கொண்டு வரும். போர்ட்டல் சிரையின் சின்னக் கிளைகளில் அவை சிக்கி, சுற்றிலும் தழும்பு கட்டி, பாதை அடைபடும். ஈரல் செல்லுக்கு முன்னாலேயே அடைப்பு. அதனால் மண்ணீரல் வீங்கும், உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து ரத்த வாந்தி கூட வரும், ஆனால் ஈரலின் வேலை கெடாது. எகிப்தில் இருந்த சிம்மர்ஸ் என்ற மருத்துவர் 1904-ல் இதை எழுதிவைத்தார். வெட்டிப் பார்த்தால் வெள்ளைக் களிமண் புகைக்குழாய்களை ஈரலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செருகியது போல இருக்குமாம்.

எகிப்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். இந்தப் புழுவை ஒழிக்க அங்கே 1950-களிலிருந்து 80-களின் தொடக்கம் வரை கிராமம் கிராமமாக டார்டார் எமெடிக் என்ற மருந்தை ஊசியில் போட்டார்கள், சரியாகக் கொதிக்க வைக்காத ஊசிகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். புழுவுக்குப் போட்ட ஊசி வழியாக ஹெபடைடிஸ் சி ஊர் ஊராகப் பரவியது. அந்த வைரஸுக்கு அப்போது பெயர் கூட இல்லை, 1989-ல்தான் அடையாளம் கண்டார்கள். ஒரே ஈரலில் புழுத் தழும்பும் வைரஸ் தழும்பும் சேர்ந்திருப்பதை அங்கே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! இரண்டும் சேர்ந்தால் தழும்பு வேகமாக ஏறுகிறது என்பதையும் அங்கேதான் கவனித்தார்கள்.

பாலக்கோட்டுக்காரருக்கு நான் வெறும் எண்ணை எழுதி அனுப்பியிருந்தால், ஹெபடைடிஸ் பி-யால் ஈரல் போய்விட்டது என்று அவர் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ரிப்போர்ட்டில் தழும்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, வைரஸின் பங்கு எவ்வளவு என்று வரிவரியாக எழுதினேன். புழுவுக்கு பிரசிகுவான்டெல் மாத்திரை கொடுத்தார்கள், உணவுக்குழாயில் புடைத்திருந்த சிரைகளை எண்டாஸ்கோப்பி வழியாக பேண்ட் போட்டுக் கட்டினார்கள். ஹெபடைடிஸ் பி-க்கான கண்காணிப்பு தனியாகத் தொடர்கிறது, அதை விட முடியாது.

இது அபூர்வமான கேஸ், ஒத்துக்கொள்கிறேன். அடிக்கடி வருவது நம்ம ஊர்ப் புழு. அஞ்செட்டி, தளி பக்கம் செம்மறி மேய்க்கிறவர்களின் ஈரலில் ஹைடாடிட் நீர்க்கட்டி இருக்கும், நாயிடமிருந்து வரும் புழுவின் லார்வா கட்டுவது. கட்டியை எடுக்கும்போது, இவருக்கு ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதே, ஈரலையும் பார்த்துவிடலாம் என்று கட்டியை ஒட்டியே ஒரு துண்டை வெட்டி அனுப்புகிறார்கள். கட்டி அழுத்திய இடத்தில் செல்கள் சுருங்கி, தழும்பு தடித்து, பித்தக்குழாய்கள் பெருகித்தான் இருக்கும். அதை வைத்து வைரஸின் நிலையைச் சொல்லவே கூடாது. கட்டியிலிருந்து தள்ளி இன்னொரு துண்டு வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நிமிஷ வேலை, அதை விட்டுவிட்டு இங்கே நாங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

அதனால் ஈரல் துணுக்கு அனுப்புகிற டாக்டர்களிடம் நான் கேட்பது இதுதான். நோயாளி எந்த ஊரில் என்ன வேலை செய்தார், வெளிநாட்டில் இருந்தாரா, ஆடு நாய் வளர்க்கிறாரா, முன்பு புழுவுக்கோ ஈரல் கட்டிக்கோ வைத்தியம் செய்தாரா, குடிப்பாரா, துண்டு ஈரலின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது, இவ்வளவையும் படிவத்தில் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் போனில் சொன்னாலும் போதும், நானே எழுதிக்கொள்கிறேன்.