பந்து வருவதற்கு முன்

வடசென்னையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பயிற்சி தருகிறேன். வியாசர்பாடிச் சந்துகளில் ஆடி வளர்ந்த கால்கள். கோன்களுக்கு நடுவே பந்தை வளைத்து ஓட்டுவதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் மேட்ச்சில் அதே பையன் பாஸை வாங்கிய பிறகுதான் தலையைத் தூக்குவான். அதற்குள் எதிராளி மேலே வந்துவிடுவான்.

நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட்டும் குழுவினரும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் வீரர்கள் 118 பேரைக் கவனித்து 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்த்தவர்களின் பாஸ்கள், அதிலும் முன்னோக்கிய பாஸ்கள், அதிகம் போய்ச் சேர்ந்தன. அதிகம் பார்த்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து நடுகள வீரர் ஃபிராங்க் லாம்பார்ட்.

இதைப் பழக்க, பையனுக்குப் பின்னால் நின்று கலர் பிப்பை, அதாவது அணி பிரிக்கப் போடும் மேல்பனியனை, தூக்கிக் காட்டுவோம். பந்தைத் தொடுமுன் அவன் நிறத்தைச் சொல்ல வேண்டும். கழுத்து திரும்பப் பழகும், அதுவரை நல்லது. ஆனால் பிப் வந்து பந்தைப் பிடுங்காது. விளக்கை மினுக்கிக் கவனத்தைப் பழக்கும் கருவிகளிலும் எனக்கு இதே குறைதான். மூளைக்கு ஒரு பயிற்சி, காலுக்கு ஒரு பயிற்சி என்று பிரித்தால், மேட்ச்சில் இரண்டும் சேர்வதில்லை.

அதனால் சீக்கிரமே ஆட்டத்துக்குப் போய்விடுவேன். எனக்குப் பிடித்தது ஜெர்மன் பயிற்சியாளர் ஹார்ஸ்ட் வைன் பரப்பிய நாலு கோல் ஆட்டம். பக்கத்துக்கு மூன்று பேர். இரு முனைக் கோடுகளிலும் இரண்டிரண்டு சின்ன கோல். ஒன்றை அடைத்தால் மற்றது திறக்கும், பார்த்தே ஆக வேண்டும். பார்த்தது மட்டும் போதாது. திறந்த பக்கம் உடம்பைப் பாதி திருப்பி, பந்து வரும் பக்கத்துக்குத் தள்ளி நிற்கும் காலில் அதை வாங்கத் தெரியாவிட்டால் பார்த்ததெல்லாம் வீண். அந்த ஃபர்ஸ்ட் டச்சை அங்கேயே நிறுத்தித் திருத்துவேன்.

ஆட்டம் நின்றதும், "ஏன்டா அந்தப் பக்கம் போன?" என்று கேட்பேன். முதலில் தலையைக் குனிவார்கள், திட்டுகிறேன் என்று நினைத்து. பழகிவிட்டால், "இங்க ரெண்டு பேரு இருந்தாங்க கோச், அங்க ஒருத்தன்தான்" என்று பதில் வரும். பாஸ் தப்பிப் போயிருந்தாலும் அவனைத் தட்டிக்கொடுப்பேன்.

கோட்டுக்கு வெளியிலிருந்து "அடி, அடி" என்று கத்தும் அப்பாக்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பந்து பையன் காலில் இருக்கும்போது மட்டும் பேசாதீர்கள். நீங்கள் முடிவெடுத்துக் கொடுத்தால், அவன் எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறான்?