400 லிட்டர் தண்ணீரும் ஆறு தக்காளி கிரேட்டும்

வீட்டுக்கே வந்து காரைக் கழுவி, உள்ளே சுத்தம் செய்து, பாலீஷ் போட்டுக் கொடுக்கும் தொழிலை நான் ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. இதில் இறங்க நினைக்கும் தம்பிகள் பலர் பேசுகிறார்கள். எந்த ஷாம்பு, எந்த மிஷின், கையில் எவ்வளவு வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். வண்டிக்குள் எதை எங்கே வைப்பது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் வருடம் நான் விட்ட காசும் நேரமும் முக்கால்வாசி அதில்தான் போனது, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கிணத்துக்கடவு பக்கம். அங்கிருந்து பொள்ளாச்சி, உடுமலை, இந்தப் பக்கம் கோவை, சில நாள் பல்லடம் தாண்டித் திருப்பூர் வரை போவோம். நானும் கூட ஒரு தம்பியும். வண்டி பழைய டாடா ஏஸ், நம்ம குட்டியானை. 2005-இல் வந்த நாளிலிருந்து தேங்காய், தக்காளி, கட்டில், பீரோ, ஆடு என்று எல்லாவற்றையும் அதில் ஏற்றிப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் எதைப் போட்டாலும் இழுக்கும் என்று ஒரு நினைப்பு நம் எல்லாருக்குமே உண்டு.

தண்ணீர் விஷயத்தில் அந்த நினைப்பு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான் முதலில் வைத்தது 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், நிறைத்தால் அரை டன். குட்டியானை தாங்குவதே சுமார் முக்கால் டன். ஜெனரேட்டர், பிரஷர் வாஷர், வாக்யூம், இரும்பு ரேக், கேன் கேனாக ஷாம்பு எல்லாம் மீதிக் கால் டன்னுக்குள் அடங்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, குழாய் கைக்கு எட்ட வேண்டும் என்று டேங்கை வண்டியின் வால் பக்கத்தில் வைத்தது.

ஒரு நாள் வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவில் நான்கு கார் என்று கூப்பிட்டார்கள். காலையில் ஆழியாரில் ஒரு வேலையை முடித்துவிட்டு, டேங்க் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்க, அப்படியே மலை ஏறினோம். அந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை இருக்கும். மூன்றாவது வளைவிலேயே ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது, திருப்பினால் வண்டி உடனே திரும்பவில்லை, திரும்பின பிறகு தண்ணீர் ஒரு பக்கமாகப் போய் மோதி வண்டியை இன்னொரு தடவை தள்ளுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஒன்றும் பேசாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, அத்தனை தண்ணீரையும் திறந்துவிட்டேன். மேலே போய் அவர்கள் தண்ணீரில்தான் வேலை செய்தோம்.

பின் அச்சுக்குப் பின்னால் எடை போனால் முன் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டிய பாரம் குறைந்துவிடும், ஏற்றத்தில் இன்னும் குறையும். பாதி நிறைந்த டேங்க் நிறைந்த டேங்கைவிட மோசம், ஏனென்றால் தண்ணீர் ஓடி அலை அடிக்க உள்ளே இடம் இருக்கிறது. இதை எனக்குப் புரிய வைத்தவர் திருச்செங்கோட்டில் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, பாரமெல்லாம் வாலுல இருந்தா மூக்கு தூக்காம என்னுங் பண்ணும்? தண்ணிய கேபினுக்கு ஒட்டி வெக்கோணுங்க. அதும் ஒரே டேங்கா வேண்டாம், ரெண்டாப் பிரிச்சுக்கோங்க" என்றார்.

இப்போது 200 லிட்டரில் இரண்டு டேங்க், முன்னும் பின்னுமாக, கேபினை ஒட்டி. இரண்டுக்கும் தனி வால்வு, நடுவில் T வடிவ பைப் இணைப்பு ஒன்று போட்டு ஒரே ஹோஸில் மிஷினுக்குப் போகிறது. பின் டேங்கை முழுசாகக் காலி செய்த பிறகுதான் முன் டேங்கைத் திறப்போம், அப்படிச் செய்தால் எந்த நேரத்திலும் ஒன்றுதான் பாதியில் நிற்கும். மலைக்குப் போகிற நாளில் இரண்டும் காலி. கயிற்றுக் கட்டு நனைந்து காய்ந்து தளர்கிறது என்று லாரிக்காரர்கள் போடும் ராட்செட் பெல்ட்டுக்கு மாறிவிட்டோம். ரேக்கை வண்டியோடு வெல்டிங் வைக்கவில்லை, எல்லாம் போல்ட், எஃப்சிக்குப் போகும்போது கழற்றி வைத்துவிடலாம்.

400 லிட்டர் போதுமா என்று கேட்பீர்கள். எங்கள் மிஷின் நிமிடத்துக்கு 6 லிட்டர் சுமார் இழுக்கும். ஒரு காருக்கு ட்ரிகரை அழுத்தியிருக்கும் நேரம் மொத்தமாகப் பார்த்தால் 10, 12 நிமிடம், அதோடு இரண்டு பக்கெட். நூறு லிட்டருக்குள் முடிந்துவிடும். நான்கு கார். அதற்கு மேல் ஒரு நாளில் நல்லபடியாகச் செய்யவும் முடியாது.

பட்டறையில் நின்ற அந்த நாளில் இன்னொன்றும் மனதில் பதிந்தது. திருச்செங்கோடு என்றால் போர் போடும் ரிக் வண்டி. எங்கள் தோட்டத்தில் போர் போட்டபோது ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ராடு ஏற்றுகிறவன், ஸ்பானர் எடுக்கிறவன், ஒருத்தனும் எதையும் தேட மாட்டான், இருட்டில் கையை நீட்டினால் பொருள் அங்கே இருக்கும். ஒவ்வொன்றும் வேலை நடக்கிற வரிசையில் வண்டியின் வெளிப்பக்கமே மாட்டியிருக்கும். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், ஒரு பிரஷ் வேண்டுமென்றாலும் வண்டிக்குள் ஏறி, குனிந்து, மூன்று டப்பாவை நகர்த்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் பக்கவாட்டில் தூக்கித் திறக்கிற மாதிரி கதவு வைத்துத் தரச் சொன்னேன். இப்போது வண்டிக்குள் யாரும் ஏறுவதே இல்லை. கதவைத் தூக்கினால் அதுவே நிழலும் கொடுக்கிறது.

சாமான் வைப்பதற்கு விலை கூடின பெட்டிகளெல்லாம் வாங்கிப் பார்த்தேன், தண்ணீர் உள்ளே தேங்கி நாற்றம் எடுத்தது. எங்கள் ஊர் தக்காளி மார்க்கெட் கண் முன்னாலேயே இருக்கிறது, அங்கே அடுக்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிரேட் எனக்குத் தோன்ற இத்தனை நாள் ஆனது. ஒன்றின் மேல் ஒன்று ஆடாமல் உட்காரும், ஓட்டை வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும், உடைந்தால் அடுத்த நாளே வேறு கிடைக்கும். ஆறு கிரேட். சக்கரத்துக்கான சாமான் ஒன்றில், அது எப்போதும் கீழ்த்தட்டு, கதவை ஒட்டி, ஏனென்றால் முதல் வேலை சக்கரம். அடுத்து கழுவுகிற சாமான், அப்புறம் கார் உள்பக்கத்துக்கு, பாலீஷ் மிஷினும் பேடும் மேல் தட்டில், ரசாயனத்துக்கு இரண்டு கிரேட்.

அந்த இரண்டு ஏன் என்றால், ஆசிட் கலந்தது ஒன்றில், மற்றது ஒன்றில். பிளீச்சிங் வகை எதையும் வண்டியில் ஏற்றுவதே கிடையாது, அது ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய வண்டிக்குள் அது உயிருக்கு ஆபத்து. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எதையும் ஊற்றுவதில்லை. ஒரு வீட்டில் சின்னக் குழந்தை ஒன்று எங்கள் பச்சைக் கலர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்த நாளோடு அதை நிறுத்தினேன். நல்லவேளை திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

துணிக்கு வருகிறேன், இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் வலித்த இடம் அதுதான். முதல் வருடம் பொள்ளாச்சியில் ஒரு பெரியவர், புதுக் கறுப்புக் கார், எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கழுவித் துடைத்து முடித்தபோது நிழலில் நன்றாகத்தான் இருந்தது. வெயிலுக்கு எடுத்ததும் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி கீறல். காலையில் வேறொரு வண்டியின் சக்கரத்தைத் துடைத்த மைக்ரோஃபைபர் துணி, அலசினதும் சுத்தமாகத் தெரிந்ததால் மற்ற துணிகளோடு சேர்ந்துவிட்டது. பிரேக் தூள் என்பது இரும்புத் துகள், அது இழைக்குள் போய் உட்கார்ந்தால் லேசில் வராது. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. "பாத்துப் பண்ணுங் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் முழுக்க அங்கேயே இருந்து காசு வாங்காமல் பாலீஷ் போட்டுச் சரிசெய்து கொடுத்தேன். பெயின்டின் மேல் பூச்சு மெல்லியது, ஒவ்வொரு பாலீஷும் அதில் கொஞ்சம் எடுக்கிறது என்று தெரிந்துகொண்டே புது வண்டியில் மிஷினை வைத்தது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதன் பிறகு கலர் கலராகத் துணி பிரித்தேன். சிவப்பு சக்கரத்துக்கு, நீலம் பெயின்டுக்கு. அவசரத்தில் அதுவும் கலந்தது. கடைசியில் வழி காட்டியது திருப்பூர் பனியன் வேஸ்ட். பட்டறைகளில் கை துடைக்க வைத்திருப்பார்களே, அந்தத் துண்டுத் துணிதான், கிலோ கணக்கில் கிடைக்கும். தையல் முடிச்சும் லேபிளும் சேர்ந்து வரும், அதனால் பெயின்டில் அதை வைக்கவே கூடாது, ஆனால் சக்கரத்துக்கும் டயருக்கும் இன்ஜின் பக்கத்துக்கும் அருமையானது. துடைத்தோம், சாக்கில் போட்டோம், அவ்வளவுதான். துவைக்கிற பேச்சே இல்லை, திரும்ப வண்டிக்குள் வருவதும் இல்லை. தொட்டாலே இது வேறு என்று கைக்குத் தெரியும்.

பெயின்டுக்கான மைக்ரோஃபைபர் மட்டும் கிரேட்டில் இல்லை. பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னை நார் மில் எத்தனை என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், காற்றடித்தால் நார்த்தூள் எல்லாவற்றிலும் வந்து படியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் கேட்கவே வேண்டாம். அதனால் மூடி இறுக்கமாக உட்காரும் சம்படம் மூன்று, அம்மா முறுக்கு போட்டு வைக்கிற அளவில், ஒரு காருக்கு ஒரு சம்படம். துணி கீழே விழுந்தால் மண்ணைத் தட்டி எடுத்துக்கொள்வதெல்லாம் இல்லை, அது நேராகச் சாக்குக்குப் போகும். துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊற்றக் கூடாது, இழை மேல் படிந்து தண்ணீரை உறிஞ்சாது. பருத்தித் துணியோடு சேர்த்தும் போடக் கூடாது, பஞ்சு ஒட்டிக்கொள்ளும். இதை வீட்டில் புரிய வைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, இப்போது அம்மாவே தனி வாளி வைத்திருக்கிறார்.

தண்ணீரின் குணம் ஒன்று இருக்கிறது. எங்கள் போர் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் 1100 காட்டுகிறது. கார் மேல் அது காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, உள்ளே இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும்தான் அப்படித் தங்குகிறது. கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரில் கழுவிவிட்டுப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. நாங்கள் போர் தண்ணீரில் எல்லா வேலையும் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் எடுத்துப் போகிறோம். அதற்கு வைத்திருப்பது தோட்டத்துக்கு மருந்தடிக்கும் 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயர், புதுசாக வாங்கினது. மருந்து அடித்த பழசைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதுகில் மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே மெதுவாக அடித்தால் ஒரு காருக்குப் பாதித் தண்ணீர் போதும்.

கரண்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ஈரத்தில் நின்று வேலை செய்கிறோம், அதனால் எக்ஸ்டென்ஷன் போர்டிலேயே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஸ்விட்ச், இருக்க வேண்டும். ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம். உருளையில் சுற்றினபடியே லோடு கொடுத்தால் சூடாகி உருகிவிடும், முழுசாக விரித்துத்தான் போட வேண்டும். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து கீழே இறக்கி வெளியில் வைத்துத்தான் ஓட்டுவோம், அதுவும் தேவைப்படும் நாளில் மட்டும் ஏற்றுவது.

கோவையில் அபார்ட்மென்ட் வேலை தனிக்கதை. பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எங்கள் பாடியின் உயரத்துக்கு வண்டி நுழையாது, நுழைந்தாலும் அங்கே தண்ணீர் ஓடவிட மாட்டார்கள், மிஷின் சத்தமும் கூடாது. அதற்கென்று ஒரு சக்கரத் தள்ளுவண்டி, இரண்டு கிரேட் அளவு, அலச வேண்டாத ரின்ஸ்லெஸ் ஷாம்பு, 10 லிட்டர் தண்ணீர், ஒரு சம்படத்துக்குப் பதில் இரண்டு சம்படம் துணி. சேறு அப்பின வண்டியாக இருந்தால் அதில் செய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பொழுதோட வீடு வந்ததும் அரை மணி நேரம் வண்டிக்குத்தான். மீதித் தண்ணீரைத் தென்னைக்கு விட்டுவிட்டு, ரேக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு பொருளின் உருவத்தையும் அது இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்டில் வரைந்து வைத்திருக்கிறேன், நாசில் மாட்டுகிற இடத்தில் நாசில் படம், பிரஷுக்குப் பிரஷ் படம். முன்பு உடுமலையில் ஒரு வீட்டில் ஃபோம் பாட்டிலை விட்டுவிட்டு, அடுத்த நாள் காலை இன்னொரு வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. இப்போது வேலை முடிந்து கதவை இறக்குவதற்கு முன் வெள்ளைக் கோடு எங்காவது வெறுமையாகத் தெரிந்தால் தம்பி சொல்லிவிடுவான், "அண்ணா, ஒண்ணு குறையுதுங்ணா" என்று.

இன்னும் சரியாக அமையாதது ஹோஸ்தான். 20 மீட்டர் ஹோஸ், ஈரமாக, மண்ணோடு, ஒவ்வொரு தடவையும் கையில் சுற்றி எடுக்கிறோம். கணபதி பக்கம் ஒரு பட்டறையில் ரீல் செய்து வாங்கினேன், கனம் கூடிவிட்டது, சுற்றும்போது நடுவில் ஹோஸ் மடங்குகிறது. குட்டியானைக்குப் பொருந்துகிற மாதிரி லேசான ரீல் யாராவது செய்து வைத்திருந்தால் சொல்லுங்கள், ஈரோடானாலும் கரூரானாலும் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.