மூன்று நொடி

"புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது டீச்சர்!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழும். அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஏழெட்டு வருடங்கள் அந்தக் கோரஸை நம்பித்தான் பாடம் நடத்தினேன். தாள் திருத்தும்போது நெஞ்சு கனக்கும். புத்தகத்தில் இருக்கும் வரி அச்சு மாறாமல் வந்திருக்கும். அதே கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டிருந்தால் வெற்றிடம்.

மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். 1970களில் அவர் ஏராளமான அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்திருக்கிறார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தார்களாம். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். நம்ப முடியாமல் என் வகுப்பையே செல்போனில் பதிவு செய்து, இரவு சமையலை முடித்துவிட்டுக் கேட்டேன். 1 நொடிகூட இல்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இடையிடையே கேட்ட குரல்கள் முதல் பெஞ்சில் உட்காரும் அதே மூன்று பேருடையவை.

மறுநாள் முதல் மனதுக்குள் நொடிகளை எண்ண ஆரம்பித்தேன். 3 நொடி என்பது வகுப்பறையில் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். விடையை அங்கே தேடியே பழகியிருந்தார்கள். கூச்சப்படும் பிள்ளைகளுக்காக, முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிவிட்டு அப்புறம் சொல்லுங்கள் என்றேன். ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறை அது. எனக்குப் பெரிதும் உதவியது. ஆனால் உண்மையில் கடினமானது இரண்டாவது காத்திருப்பு, பிள்ளை பதில் சொன்ன பிறகு காத்திருப்பது. நான் "வெரிகுட்" என்ற அந்தக் கணமே தூக்கியிருந்த மற்ற கைகளெல்லாம் இறங்கிவிடும். யோசனை அங்கேயே நின்றுபோகும்.

அப்படிக் காத்திருந்ததன் பலனை எட்டாம் வகுப்பில் ஒரு மெழுகுவத்திச் சோதனையில் கண்டேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி பாட்டில். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். 'ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது' என்றுதான் வருடா வருடம் சொல்லி வந்தேன். அன்று "ஏன்?" என்று கேட்கவில்லை. "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டு நின்றேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், எரியும்போது தண்ணி அவ்வளவா ஏறல. அணைஞ்ச பிறகுதான் சட்டுனு ஏறுச்சு." "சரி, உட்காரு" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எண்ணினேன். இன்னொரு பையன், "பாட்டிலைக் கவுத்தப்போ ஓரத்துல குமிழி வந்துச்சு டீச்சர்" என்றான். யாரோ மூன்று மெழுகுவத்தி வைக்கச் சொன்னார்கள். வைத்தோம். தண்ணீர் இன்னும் மேலே ஏறியது. அதே பாட்டில், உள்ளே அதே அளவு ஆக்சிஜன், பின் எப்படி?

வகுப்பு அமைதியானது. கடைசி பெஞ்சில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "சூடா சோறு போட்டு டிபன் பாக்ஸை இறுக்கி மூடினா, ஆறின பிறகு மூடி திறக்கவே வராது டீச்சர். அது மாதிரியா?"

அது மாதிரியேதான். சுடரின் சூட்டில் காற்று விரிந்து, கொஞ்சம் குமிழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் நிறையவே மிச்சம் இருக்கிறது. "இத்தனை வருஷம் நான் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்று அவர்களிடமே சொன்னேன். அதற்கு முன்பு என்னிடம் படித்துப்போன பிள்ளைகளை நினைத்து அன்று முழுக்க மனம் உறுத்தியது.

இரண்டு பீரியட் போனது. போர்ஷன் பின்தங்கியது. அதைவிட என்னைத் தைத்தது, மணி அடித்தபின் முதல் பெஞ்சுப் பிள்ளை கேட்ட கேள்வி: "அப்போ பரீட்சைல எதை எழுதணும் டீச்சர்?" நன்றாகப் படிக்கும் பிள்ளை, அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. "நீ பார்த்ததை எழுதும்மா, நான்தானே திருத்துறேன்" என்றேன். பத்தாம் வகுப்பில் யாரோ முகம் தெரியாதவர் திருத்துவார் என்பது அவளுக்கும் தெரியும்.

அடுத்த அலகுத் தேர்வில் 5 மதிப்பெண்ணுக்கு ஒரே கேள்வி வைத்தேன்: 'மூன்று மெழுகுவத்தி வைத்தபோது என்ன நடந்தது? ஆக்சிஜன் தீர்ந்ததுதான் காரணம் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன பதில் சொல்வாய்?' ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுதவில்லை. சிலர் தவறாகவே எழுதியிருந்தார்கள், ஆனால் சொந்தமாக. திருத்தி முடிக்க மூன்று இரவு ஆயிற்று.