நின்றால் மட்டும் வரும் கருகல் வாடை

பெங்களூரில் காரில் கருகல் வாடை வருகிறது என்று யாரிடம் சொன்னாலும், "க்ளட்ச் போயிருக்கும்" என்பார்கள். சில்க் போர்டு ஜங்ஷனில் பாதி க்ளட்சில் ஊர்ந்தே பழகிய ஊர், அப்படித்தான் தோன்றும். எங்கள் வண்டிக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் க்ளட்ச் செட் முழுதாக மாற்ற எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பானட்டைக்கூடத் திறக்கவில்லை. சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், அந்த வாடை வந்த விதம்.

க்ளட்ச் கருகினால் மேடு ஏறும்போதோ நெரிசலில் முதல் கியரில் இழுக்கும்போதோதான் வாடை வரும். தேய்ந்துபோன க்ளட்ச் என்றால் ஆர்பிஎம் ஏறும், வண்டி அதற்கேற்ற வேகம் எடுக்காது. எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் முழுக்க ஒன்றுமே தெரியாது. இறங்கி சிக்னலில் நின்ற கொஞ்ச நேரத்தில், சூடான அடுப்பில் எண்ணெய் சிந்தியது மாதிரி ஒரு நெடி உள்ளே வரும். ஏசியில் வெளிக்காற்றை மூடி உள்காற்றே சுற்றும்படி வைத்தால் குறைந்துவிடும். அதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஏசிக்கு வெளிக்காற்று போகும் வழி முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் இருக்கிறது. வண்டி ஓடும்போது பானட்டுக்குள் கிளம்பும் புகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் அது மேலே எழும்பி அந்த வழியாக உள்ளே வந்துவிடும்.

மற்ற வாடைகளையும் சொல்லிவிடுகிறேன். கீச்சென்ற சத்தத்தோடு ரப்பர் கருகினால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். இனிப்பான வாடை வந்தால் கூலன்ட் கசிவு; டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தொப்பூர் இறக்கம் மாதிரி இடத்தில் சக்கரத்திலிருந்து நெடி வந்தால் பிரேக். பிளாஸ்டிக்கோ வயரோ கருகுகிற வாடை என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். புகை வந்தால் பானட்டைத் திறந்து பார்க்காதீர்கள், காற்று பட்டால் தீ எழும்பிவிடும். எலி கடித்த வயரில் தொடங்கி இப்படி ஆகும் வண்டிகள் உண்டு.

அல்சூரில் எங்களுக்கு வழக்கமான மெக்கானிக் அண்ணா திருவண்ணாமலைக்காரர். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எப்பம்மா வருது? ஓடும்போதா, நிக்கும்போதா?" என்பதுதான். பதிலைக் கேட்டதும் டார்ச்சையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இன்ஜினின் பின்பக்கம் குனிந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார்.

இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின் ஓரம் முழுக்க எண்ணெயில் தூசி ஒட்டிக் கருப்பாக அப்பியிருந்தது. அதற்கு நேர் கீழே, இன்ஜின் புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தகட்டில் பழுப்பாக ஒரு கோடு. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு சொட்டு மெதுவாக ஊர்ந்து வந்து அந்தத் தகட்டைத் தொட்டது. மெல்லிய நீலப்புகை, அவ்வளவுதான், சொட்டைக் காணோம். இன்ஜின் ஆயில் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தீப்பிடிக்கக்கூடிய ஆவி விடத் தொடங்கும். மேனிஃபோல்டு அதைவிட அதிகமாகவே சூடேறும். சின்னக் கசிவுதானே என்று விட்டுவைக்கிற விஷயமே இல்லை இது.

இன்ஜின் ஆறிய பிறகு கவரைக் கழற்றினார். பழைய ரப்பர் பேக்கிங் இறுகிப்போய், வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. ஜே.சி. ரோட்டில் புதுசு சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. ஸ்பார்க் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள சீல்களையும் சேர்த்தே மாற்றினார். அதோடு நிற்கவில்லை, பிசிவி வால்வையும் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார். கேட்க வேண்டிய சத்தமே இல்லை, பிசின் பிடித்து அடைத்திருந்தது. இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற அதுதான் வழி. அது அடைத்தால் அழுத்தம் ஏறி, இருக்கிற பேக்கிங் வழியாக ஆயிலைத் தள்ளும். இதைப் பார்க்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் கசிவு திரும்ப வர வாய்ப்பு அதிகம். அவர்மேல் எனக்கு இருக்கிற மரியாதை இந்த மாதிரி வேலையால் வந்ததுதான்.

மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டர்தான்.

"பலத்தைக் காட்டுற இடம் இல்லம்மா இது. ஜாஸ்தி முறுக்குனா ரப்பர் பிதுங்கிடும்."

தகட்டில் படிந்திருந்த ஆயிலைத் துடைத்துக் கொடுத்தார். கை எட்டாத இடத்தில் இருந்தது எரிந்து தீரும்வரை லேசாக வாடை வரும் என்று முன்கூட்டியே சொன்னார். அப்படியே கொஞ்ச நாள் வந்து நின்றுவிட்டது. இப்போது காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் சமதளத்தில் வைத்து டிப்ஸ்டிக் பார்க்கிறேன். ஆயில் இறங்கவில்லை. கவரின் பின் ஓரத்தில் விரலை ஓட்டினால் காய்ந்த தூசி மட்டும்தான்.